பழங்குடி மக்களின் சூழல் அறிவைக் கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு

கல்லூரி ஆய்வுக்காகவோ தொண்டு நிறுவன வேலைக்காகவோ சொந்த ஆர்வத்தாலோ ஒரு பழங்குடிக் கிராமத்துக்குப் போய், "காட்டைப் பற்றி உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும், சொல்லுங்கள்" என்று கேட்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அந்தக் கேள்வியோடு போனால் பெரும்பாலும் பத்து மூலிகைப் பெயரும் இரண்டு பழமொழியும் கிடைக்கும். கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்குத் தொல்லை விட்டது. இரண்டு பேருக்கும் அதற்குமேல் பயன் ஒன்றும் இல்லை.

கொஞ்சம் தயாராகிப் போனால் வேறு மாதிரி நடக்கும். எப்படித் தயாராவது, யாரிடம் அனுமதி கேட்பது, என்ன கேட்பது, எதை எழுதாமல் விடுவது என்பதையெல்லாம் முதல் முறை போகிறவர்களுக்காக இங்கே எழுதியிருக்கிறேன். காடு, கடல், பனிநிலம், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

1. குறிப்பேட்டில் நாலு பத்தி போடுங்கள்

முதலில் ஓர் உதாரணம். ஆஸ்திரேலியாவின் வடக்கே ககாடு தேசியப் பூங்கா இருக்கும் நிலத்தின் பூர்வகுடிகள் பினிஞ், முங்குய் மக்கள். அவர்கள் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவங்கள். காற்று திசை மாறுவது, ஒரு மரம் பூப்பது, நீர்நிலை வற்றுவது என்று கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களை வைத்து ஒரு பருவம் முடிந்து அடுத்தது பிறந்துவிட்டது என்பார்கள்; தேதி அவர்களுக்கு முக்கியமில்லை. மழை ஓய்ந்து குளிர் தொடங்குவதற்கு முன் வரும் பருவத்துக்கு யெக்கே என்று பெயர். அப்போது டார்வின் வுல்லிபட் என்ற யூகலிப்டஸ் வகை மரம் பூக்கத் தொடங்கும். பூவைப் பார்த்ததும் காட்டில் திட்டுத்திட்டாகத் தீ வைக்கத் தொடங்குவார்கள். புல்லில் அப்போது இன்னும் ஈரம் இருக்கும். தீ தாழ்வாக, மெதுவாகப் போய், இரவின் குளிரிலும் பனியிலும் அடங்கிவிடும். அப்படி எரிக்காமல் விட்ட இடங்களில் வறட்சிக் காலத்தின் கடைசியில் மரத்தின் உச்சிவரை எரிக்கும் பெருந்தீ வரும்.

இதில் நாலு விஷயம் சேர்ந்து இருக்கிறது. பூ ஓர் அடையாளம். தீ வைப்பது ஒரு செயல். எந்த நிலத்தில் யார் தீ வைக்கலாம், யாரைக் கேட்டு வைக்க வேண்டும் என்பது விதி. ஏன் இதைச் செய்ய வேண்டும் என்பதற்கு அவர்கள் சொல்வது காரணம். எரிக்காத நிலம் கவனிப்பாரற்றுக் கிடக்கும் நிலம், அதைப் பராமரிப்பது தங்கள் கடமை என்பார்கள். குறிப்பேட்டில் அடையாளம், செயல், விதி, காரணம் என்று நாலு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். வெளியாட்கள் எழுதிய பதிவுகளில் பெரும்பாலும் முதல் இரண்டு பத்திதான் நிறைந்திருக்கும். விதியும் காரணமும் விட்டுப்போன பதிவை எடுத்துக்கொண்டு இன்னொருவர் வேறு ஊரில், வேறு மாதத்தில், யாரையும் கேட்காமல் தீ வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாலும் சேர்ந்து இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே பகுதியில் சாட்சி உண்டு. மேற்கு ஆர்னெம் நிலத்தில் 2006-ல் தொடங்கிய திட்டத்தில், பூர்வகுடிக் காவலர்கள் வறட்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே முறைப்படி எரித்து, பின்னால் வரும் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். அதனால் குறையும் பசுங்குடில் வாயுவுக்கு ஓர் எரிவாயு நிறுவனம் அவர்களுக்குப் பணம் கொடுக்க ஒப்பந்தம் ஆனது.

2. அனுமதி: யாரிடம், எப்படி

இந்தப் படி நீளமாகத்தான் இருக்கும். பிரச்சினைகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன.

1987-ல் அகத்தியமலைக் காட்டுக்கு ஆய்வுக்குப் போன தாவரவியலாளர்களுக்குக் காணிப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டினார்கள். ஏற்றத்தில் ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஏதோ ஒரு பழத்தை அவ்வப்போது வாயில் போட்டுக்கொண்டு சாதாரணமாக நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது அவர்கள் முதலில் சொல்லவில்லை. வெளியாட்களுக்குச் சொல்லக்கூடாத விஷயம் அது. வற்புறுத்தலுக்குப் பிறகுதான் ஆரோக்கியப்பச்சை என்ற செடி வெளியே தெரிந்தது. அதை வைத்து ஆய்வாளர்கள் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் தயாரிப்பு உரிமையை ஒரு மருந்து நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்தார்கள். வந்ததில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-ல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது.

மரபறிவின் பலனை உரியவர்களோடு பகிர்ந்துகொண்டதற்கு உலகம் முழுக்க இதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். காட்ட வேண்டியதுதான். ஆனால் இதிலேயே கேள்விகளும் இருக்கின்றன. செடியைக் காட்டியது இரண்டு மூன்று பேர். அறிவு முழுச் சமூகத்துடையது. வேறு பகுதிகளில் வாழும் காணி மக்களைக் கேட்டார்களா? மருத்துவம் பார்க்கும் பிளாத்திகளைக் கேட்டார்களா? கேட்கவில்லை என்று எதிர்ப்பு வந்தது. மருந்துக்கு வேண்டிய அந்தச் செடியின் இலையைக் காட்டிலிருந்து பறிப்பதற்கு வனத்துறையின் தடை வேறு. ஆக, ஒருவர் "சரி" என்று தலையாட்டினால் அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

அனுமதி மூன்று அடுக்காக வர வேண்டும்.

முதல் அடுக்கு சமூகம். ஊர்த் தலைவர், மூப்பர், கிராம சபை, பழங்குடி மன்றம் என்று இடத்துக்கு இடம் அமைப்பு மாறும். என்ன படிக்கப் போகிறீர்கள், யார் பணம் தருகிறார்கள், கடைசியில் எழுதியது எங்கே போகும் என்பதை அவர்கள் மொழியில், கூட்டத்தில் சொல்லுங்கள். சொன்ன அன்றே பதில் கேட்காதீர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க நாள் வேண்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாதபோதுதான் அந்தப் பேச்சு ஒழுங்காக நடக்கும். "வேண்டாம்" என்பதும் ஒரு பதில். அதற்கும் தயாராகத்தான் போக வேண்டும்.

இரண்டாவது அடுக்கு, உட்கார்ந்து பேசப்போகும் தனிமனிதர். ஊர் ஒப்புக்கொண்டது என்பதற்காக அவரும் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்று இல்லை. படிவத்தில் கைநாட்டு வாங்குவதைவிட, ஒவ்வொரு முறையும் ஒலிப்பதிவைத் தொடங்குவதற்கு முன் "இன்றைக்குப் பதிவு செய்யலாமா?" என்று கேட்பது மேல். சொன்னதை நாளைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, சட்டம். ஐக்கிய நாடுகள் சபை 2007-ல் ஏற்ற பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 31-ஆம் பிரிவு, தங்கள் மரபறிவைக் காக்கவும் கட்டுப்படுத்தவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்கிறது. 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தம், மரபணு வளத்தையும் அதோடு சேர்ந்த அறிவையும் பயன்படுத்தினால் பலனைப் பகிர வேண்டும் என்கிறது. நாட்டுக்கு நாடு உள்ளூர்ச் சட்டமும் உண்டு. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தையும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தையும் கட்டாயம் படிக்க வேண்டும். காப்புக்காடு, பூங்கா, சரணாலயம் என்றால் உள்ளே போகவே தனி அனுமதி தேவைப்படும். இதையெல்லாம் வாங்கப் பல மாதம் ஆகலாம். திட்ட அட்டவணையில் அதற்கும் இடம் விடுங்கள்.

சட்ட மொழி தலைசுற்றுகிறது என்றால், தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-ல் தாங்களே வெளியிட்ட ஆய்வு நெறிமுறையைப் படியுங்கள். சில பக்கங்கள்தான். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை என்ற தலைப்புகளில், வெளியிலிருந்து வருகிறவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறோம், முன்பு வந்தவர்கள் எங்கே தவறினார்கள் என்று நேரடியாகச் சொல்லியிருக்கிறார்கள். பல்கலைக்கழகக் கையேடுகளைவிட எனக்கு அது பிடிக்கும்.

3. முதல் சில நாட்கள் கேள்வி வேண்டாம்

அவர்கள் செய்யும் வேலையைக் கூடவே செய்யுங்கள். விறகு பொறுக்குவது, வலையைச் சரிபார்ப்பது, ஆட்டை ஓட்டிக்கொண்டு போவது, கிழங்கு தோண்டுவது, எதுவாக இருந்தாலும் சரி. கைவேலையில் இருக்கும் அறிவு உட்கார்ந்து பேசும்போது வெளியே வராது. கிழங்கைத் தோண்டிய பிறகு தலைப்பகுதியை மண்ணுக்குள் திரும்ப வைத்து மூடுகிறவரிடம் முந்தின நாள் "நீங்கள் கிழங்கை எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தால், "நாங்கள் ஒன்றும் செய்வதில்லையே" என்றுதான் சொல்லியிருப்பார். அவருக்கு அது பாதுகாப்பு நடவடிக்கை இல்லை. கிழங்கு தோண்டுவது என்றாலே அப்படித்தான்.

வேலையைக் கெடுத்துக்கொண்டு உங்களோடு ஒருவர் ஒரு நாள் இருந்தால், அந்த நாளின் கூலியைக் கொடுத்துவிடுங்கள். எவ்வளவு என்பதை ஊரில் பொதுவாகப் பேசி முடிவுசெய்துகொண்டால் பொறாமையும் பேரமும் வராது.

4. கேள்விகளை அமைக்கும் விதம்

"வழக்கமாக என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். பொதுவான கேள்விக்கு, ஊருக்கு வந்தவர் கேட்க விரும்பும் பொதுவான பதில்தான் வரும். "போன தடவை தேன் எடுக்கப் போனது எப்போது? அன்று காலை என்ன பார்த்துவிட்டுக் கிளம்பினீர்கள்? யார் யார் வந்தார்கள்? எந்தக் கூட்டை விட்டுவிட்டீர்கள், ஏன்?" என்று நடந்த ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். எதை எடுக்காமல் விட்டார்கள் என்பதில்தான் விதிப் பத்தி நிறையும்.

மூலிகையில் தொடங்காதீர்கள். மருந்து எந்த ஊரிலும் காசு சம்பந்தப்பட்ட விஷயம், ரகசியமும்கூட. அதைக் கேட்டதுமே உங்களை ஒரு கம்பெனி ஆளாக நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். பருவத்தில் தொடங்குங்கள். மழை வரப்போகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எந்தப் பறவை முதலில் வரும்? எந்த மாதம் காட்டுக்குள் போகக்கூடாது? இவற்றுக்குப் பதில் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. ஒருவர் சொல்லும்போதே பக்கத்தில் இருப்பவர் குறுக்கே பேசித் திருத்துவார், அப்புறம் பேச்சு தானாக ஓடும்.

பெயர்களை அவர்கள் உச்சரிக்கிறபடியே எழுதுங்கள். உடனே அறிவியல் பெயரைத் தேடி ஓட வேண்டாம். நமக்கு ஒரே செடியாகத் தெரிவது அவர்களுக்கு இரண்டாக இருக்கலாம். நாம் மூன்று வகையாகப் பிரிப்பதற்கு அவர்களிடம் ஒரே பெயர் இருக்கலாம். செடியைக் காட்டிக் கேட்பதென்றால் அது வளரும் இடத்துக்கே போய்க் கேளுங்கள். கைப்பேசியில் இருக்கும் படத்தில் மணம் இல்லை, மண் இல்லை, பக்கத்தில் என்ன வளர்கிறது என்பது இல்லை.

5. ஒரே ஆளிடம் எல்லாம் கேட்காதீர்கள்

ஊருக்குள் நுழைந்ததும் நன்றாகப் பேசத் தெரிந்த ஓர் ஆண் உங்களைத் தேடி வந்துவிடுவார். அவரும் தேவைதான். ஆனால் நீரூற்று எப்போது வற்றும் என்பது தண்ணீர் எடுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். சிறு பறவை, பூச்சி, காட்டுப்பழம் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவு பெரியவர்களுக்கே ஞாபகம் இருக்காது. சில சமூகங்களில் பெண்களின் அறிவு, ஆண்களின் அறிவு என்று கறாரான பிரிவினை உண்டு. அங்கே ஒரு பக்கத்தாரிடம் கேட்டதை மறுபக்கத்தாரிடம் சொல்வதே தவறு. போவதற்கு முன்பே இதை விசாரித்துக்கொள்ளுங்கள். பெண்களிடம் பேச ஒரு பெண்ணும் குழுவில் இருக்க வேண்டும்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒருவர் மேற்குச் சரிவில் வாழ்கிறவர், இன்னொருவர் கிழக்குச் சரிவில் வாழ்கிறவர் என்றால் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

6. கதையை ஒதுக்காதீர்கள், காரணத்தைத் திருத்தாதீர்கள்

இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-ல் வந்த ஆழிப்பேரலையில் ஏராளமானோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்து, கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, அப்புறம் கடல் உள்வாங்கினால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதுதான் சாரம். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த தீவு அது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். 1950-களில் யாராவது அங்கே போய் "சூழல் அறிவு" திரட்டியிருந்தால் தாலாட்டை எந்தப் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்? நாட்டுப்புறப் பாடல் என்று ஒதுக்கி வைத்திருப்பார்கள்.

காரணப் பத்திக்கு இன்னொரு உதாரணம். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் வாழும் சோலிகர்கள் முன்பு ஆண்டுத் தொடக்கத்திலேயே காய்ந்த சருகுக்குச் சிறு தீ வைப்பார்கள். அதற்குத் தரகு பெங்கி என்று பெயர். 1970-களில் காடு சரணாலயமான பிறகு தீக்குத் தடை வந்தது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியதற்கும் உண்ணிச்செடி காடு முழுக்கப் பரவியதற்கும் அந்தத் தடைதான் காரணம் என்று சோலிகர்கள் சொல்லி வந்தார்கள். நெடுங்காலம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழங்குடிகள் தீ வைப்பதுதான் காட்டுக்குக் கேடு என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. பின்னால் சூழலியலாளர்கள் அங்கே பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்தபோது, சோலிகர்கள் சொன்ன தொடர்பில் பொருள் இருப்பது தெரிந்தது.

அதற்காக, சொல்வதெல்லாம் வேதம் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பழங்குடிகள் இயற்கையோடு ஒன்றி வாழும் மாசற்ற பிள்ளைகள் என்று எழுதுவது பார்க்கப் பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில் அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை அது மறைத்துவிடுகிறது. நியூசிலாந்தில் மாவோரிகள் குடியேறிய சில தலைமுறைகளுக்குள் மோவா என்ற பெரும்பறவை இனம் வேட்டையால் முழுக்க அழிந்தது. அதே மக்களிடம்தான் பிற்காலத்தில், ஒரு நீர்நிலையையோ காட்டையோ குறிப்பிட்ட காலம் யாரும் தொடக்கூடாது என்று விலக்கும் ராஹுய் முறை வலுவாக இருந்தது. இழப்பையும் கேட்டு எழுதுங்கள்.

7. சரிபார்ப்பது

ஆய்வகம் நீதிபதி, ஊர்க்காரர் சாட்சி என்ற மனநிலையோடு இதைச் செய்யக்கூடாது. 1977-ல் அலாஸ்காவின் பாரோ பகுதியில் வில்தலைத் திமிங்கிலங்கள் மிகக் குறைந்துவிட்டன என்று சொல்லி, பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் இனுபியாட் மக்களின் வேட்டைக்குத் தடை விதித்தது. பனியின் விளிம்பில் நின்று கண்ணில் படுவதை எண்ணிய கணக்கு அது. திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் போகும், கரையில் இருந்து பார்க்க முடியாத தொலைவிலும் போகும் என்று வேட்டைக்காரர்கள் சொன்னார்கள். பிறகு நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டபோது அவர்கள் சொன்னது சரி என்று தெரிந்தது. எண்ணிக்கை மதிப்பீடும் பல மடங்கு உயர்ந்தது. வேட்டைக்காரர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், கருவி அதைக் கேட்டது. இந்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

சாதாரணமாக உங்களால் செய்யக்கூடியது: ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சிலரிடம் கேட்பது, சொன்ன இடத்துக்கு நடந்து போய்ப் பார்ப்பது, முடிந்தால் ஒரு முழு ஆண்டுச் சுற்றையும் பார்ப்பது. ஒவ்வொரு குறிப்பிலும் தேதி இருக்க வேண்டும். பருவநிலை மாறிக்கொண்டிருக்கிறது, "இந்தப் பூ பூத்தால் மழை" என்பது தாத்தா காலத்தில் சரியாக இருந்து இப்போது தவறலாம். "இப்போதும் அப்படித்தானா?" என்ற கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள்.

8. எதை வெளியிடுவது, எதை விடுவது

1995-ல் மஞ்சளின் காயம் ஆற்றும் குணத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள். இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் பழைய நூல்களை ஆதாரம் காட்டி வாதாடியதால் 1997-ல் அது ரத்தானது. எழுத்தில் இருந்ததால் காப்பாற்ற முடிந்தது. அதனால் எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டுவிடுங்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பழைய நூலில் இருப்பது ஏற்கெனவே பொதுவில் இருந்தது. ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் வாய்மொழி அறிவை அச்சில் ஏற்றினால் அதை முதன்முதலாகப் பொதுவில் வைக்கிறவர் நீங்கள்தான். வெளியே போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

அதனால், வெளியிடலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு குறிப்புக்கும் தனித்தனியாகக் கேட்டு ஓரத்தில் அடையாளம் போடுங்கள். எல்லோருக்கும், ஊருக்கு மட்டும், குடும்பத்துக்கு மட்டும் என்று மூன்று வகை போதும். அரிய செடி இருக்கும் இடம், தேன் பாறை, மீன் முட்டையிடும் பகுதி, வழிபாட்டிடம் இவற்றின் சரியான இருப்பிடத்தை எழுதாதீர்கள். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கும். வெளியிடும் முன் அதை அழித்துவிடுங்கள். பெயரைப் போடுவதா என்பதையும் கேளுங்கள். பெயர் வெளிவந்தால் ஆபத்து என்று சிலர் நினைப்பார்கள்; பெயரை மறைத்தால் தன் அறிவை இன்னொருவர் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்கிறார் என்று சிலருக்குக் கோபம் வரும். இரண்டிலும் நியாயம் உண்டு.

9. திருப்பிக் கொடுப்பது

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பும் முன் ஊரில் வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள் என்பதால் வாய்விட்டு, அவர்கள் மொழியில். திருத்தம் சொல்வார்கள்; சொல்லவில்லை என்றால் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம், இன்னொரு நாள் திரும்ப வாசியுங்கள். நிறையச் சொன்னவர் ஒரு கட்டுரைக்கு இணையாசிரியர் ஆகத் தகுதியுள்ளவர்தான். நன்றியுரையில் ஒரு வரி போதாது.

ஒலிப்பதிவின் நகலை உள்ளூர்ப் பள்ளியிலோ பொதுவான ஓர் இடத்திலோ கொடுத்து வையுங்கள். சாதாரணக் கைப்பேசியில் ஓடும் வடிவத்தில் இருந்தால் போதும். ஒவ்வொரு கோப்புக்கும் பேசியவர், இடம், பருவம், தேதி தெரியும்படி பெயர் வையுங்கள். வெறும் எண் வைத்தால் பிறகு யாருக்கும் பயன்படாது. மூலப் பதிவு யாரிடம் இருக்கும், நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் கடவுச்சொல் யாரிடம் போகும் என்பதையும் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

பேசியவர் இறந்த பிறகு அவர் குரலையும் படத்தையும் என்ன செய்வது என்பதை அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில், இறந்தவரின் பெயரைச் சொல்வதோ படத்தைக் காட்டுவதோ ஒரு காலம் வரை விலக்கு. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு முன் அதற்கென்றே எச்சரிக்கை போடுகிறார்கள். வேறு சமூகங்களில் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் பெரியவர்கள் பொதுவாக இதற்குத் தயங்காமல் பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலையும் கோப்போடு சேர்த்து எழுதி வையுங்கள்.